நாணம் நலத்தை மறைக்கலாகாது

சட்டக்கலை நூல் எதை எடுத்து விரித்தாலும் அதன் முதற்பாடம் தூய்மையைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். எந்நீரால் ஒளுச் செய்யலாம், எப்போது குளிப்புக் கடமையாகிறது, சிறுநீர் கழித்தபின் எவ்வாறு சுத்தம் செய்ய வேண்டும் என்பனவற்றையெல்லாம் நம் இமாம்கள் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்துள்ளனர். மதரஸாக்களில் மீசை அரும்பாத மாணவர்கள்கூட இவற்றைக் கிதாபில் ஓதிப் பொருள் சொல்கின்றனர். ஆயினும், அதே விஷயம் தம் வீட்டில், தம் உடலில் தோன்றும்போது வாய்திறக்க நாணி நிற்போரே நம்மில் அதிகம்.

அத்தகைய விஷயமொன்றைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகிறேன். ஆணுறுப்பின் முன்தோல் பின்னுக்கு விலகாமல் இறுகி நிற்கும் நிலை அது. மருத்துவர்கள் இதனைப் பைமோசிஸ் என்பர். கத்னா செய்யும் சமுதாயத்தில் இப்பேச்சுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வேலை உண்டு. கத்னாவுக்கு முன் நம் சிறுவர் பலர் சில ஆண்டுகள் முன்தோலோடுதான் வளர்கின்றனர். இளமையில் கத்னா செய்யப்பெறாமல் வளர்ந்துவிட்டோரும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோரும் நம்மிடையே உள்ளனர். இப்பக்கத்தை விரும்பிப் படிக்கும் பிற சமயச் சகோதரர்களும் பலர். இவர்கள் அனைவருக்கும் இது தேவையான செய்தியே.

வெட்கம் ஈமானைச் சார்ந்த நற்பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கேட்டறிவதற்குத் தடையாக வந்தால் நற்பண்பாகாது. அன்ஸாரிப் பெண்மணியான உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், பெண்ணுக்கு உறக்கத்தில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்புக் கடமையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் சென்று வினவினார்கள். மார்க்கத்தை விளங்கிக் கொள்வதில் வெட்கம் தடையாக நிற்க விடாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மெச்சிப் பாராட்டினார்கள். அலீ (ரலி) அவர்களுக்கோ, தமக்கு அடிக்கடி வெளிப்பட்ட கசிவு நீரைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. பெருமானாரின் மருமகனாக இருந்தமையால் நேரில் கேட்க நாணினார்கள். அதற்காகக் கேளாமல் விட்டுவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டறிந்தார்கள். தாமே சொல்லக் கூச்சமாயின் பிறர் மூலமேனும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைப்பது வழியன்று என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

இயற்கை எது? நோய் எது?

பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, பச்சிளங் குழந்தையின் முன்தோல் பின்னுக்கு விலகாமலிருப்பது நோயன்று என்பதே. கருவில் அத்தோலின் உட்புறமும் உறுப்பின் மொட்டும் ஒட்டியே உருவாகின்றன. பிறந்தபின் ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வொட்டு தானாகவே மெல்ல மெல்லப் பிரிகிறது. முனையில் உள்ள வாயும் நெகிழ்ந்து விரிகிறது. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-ல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த குழந்தைகளில் முன்தோல் முழுமையாக விலகுவது 100-க்கு 4 பேருக்கே என்று கண்டார். டென்மார்க் நாட்டு மருத்துவர் யாக்கோப் ஆஸ்டர் பள்ளிச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1968-ல் முடிவை வெளியிட்டார். 6, 7 வயதில் 100-க்கு 8 பேருக்கு இருந்த இறுக்கம், 16, 17 வயதில் 100-க்கு ஒருவருக்கே எஞ்சியிருந்தது. பெரும்பாலோருக்கு எவ்வித மருத்துவமும் இன்றிக் காலமே அதனைச் சரிசெய்துவிட்டது.

ஆகவே, சிறுவனின் தோல் விலகவில்லையே என்று அஞ்சி அதனைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுத்தல் கூடாது. குளிப்பாட்டும்போது நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்துவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியோர் சொல்லுவதுண்டு. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகின்றனர். ஆயினும் விளைவு நல்லதன்று. பலவந்தமாக இழுத்தால் மெல்லிய தோல் கீறிப் புண்படுகிறது. அப்புண் ஆறும்போது தழும்பாகி, நெகிழ வேண்டிய தோல் வளையம்போல் இறுகிப் போகிறது. இயற்கையாக இருந்த ஒன்றை நாமே நோயாக்கிவிடுகிறோம். குழந்தைக்கு வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவிவிடுவதே போதுமானது.

சில அறிகுறிகள் தாய்மாரைக் கலங்க வைக்கும். சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் சற்றே உப்பிப் பின் தணிவதுண்டு. வலியோ, அடைப்போ, காய்ச்சலோ இல்லையாயின் இதனால் அஞ்சத் தேவையில்லை. தோலின் கீழே வெண்மையான சிறு கட்டிபோல் தென்படுவதும் பெரும்பாலும் சீழன்று. பிரிந்துவரும் தோலின் உதிர்ந்த துகள்களே அவ்வாறு திரண்டிருக்கும். அதனைக் கிள்ளவோ நசுக்கவோ வேண்டாம்.

நோயின் அடையாளங்கள் வேறு. தோல் சிவந்து வீங்குதல், சீழ் வடிதல், சிறுநீர் கழிக்கும்போது குழந்தை வலியால் அழுதல், காய்ச்சலோடு சிறுநீரில் எரிச்சல், சிறுநீர் சொட்டுச் சொட்டாக முக்கி முக்கி வெளிவருதல், முன்தோலின் முனை வெளுத்துத் தடித்துக் கடினமாதல் ஆகியவை கண்டால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தாமதிக்கலாகாத ஒரு வேளை

இவையனைத்தினும் அவசரமான நிலை ஒன்றுண்டு. பின்னுக்கு இழுக்கப்பட்ட முன்தோல் மீண்டும் முன்னுக்கு வராமல், மொட்டின் பின்னால் கயிறு கட்டினாற்போல் இறுக்கிக் கொள்வதே அது. இதற்குப் பாராபைமோசிஸ் என்று பெயர். இரத்த ஓட்டம் தடைப்பட்டு மொட்டு வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் மிகும். கவனியாது விட்டால் உறுப்பே அழுகும் நிலை வரலாம். விளையாட்டாகத் தோலை இழுத்துப் பார்த்த சிறுவனுக்கும் இது நேரலாம். சிறுநீர்க் குழாய் செருகும்போது பின்தள்ளிய தோலை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவர மறந்தால், படுக்கையில் இருக்கும் முதியவருக்கும் நேரலாம். அவ்வேளையில் இரவென்றும் பாராமல், யாரும் என்ன நினைப்பார்களோ என்றும் எண்ணாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று பொறுத்திருப்பது பேராபத்து. உடனே சென்றால் பெரும்பாலும் மருத்துவர் கையால் அழுத்தி வீக்கத்தை வடியச் செய்து தோலை முன்னுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

வளர்ந்தோரின் துன்பம்

பருவமடைந்த பின்னும் தோல் விலகாதிருப்பவர் படும் துன்பம் வேறுவகையானது. உள்ளே அழுக்குத் தேங்குகிறது. துர்நாற்றமும் புண்ணும் உண்டாகின்றன. சிறுநீரின் சில துளிகள் தோலுக்குள் தங்கிப் பின்னர் ஆடையில் சொட்டுகின்றன. ஒளுச் செய்து பள்ளிவாசலுக்கு வந்தவர், ஆடை அசுத்தமாகிவிட்டதோ என்ற ஐயத்தால் ஜமாஅத்தை விட்டு விலகித் திரும்பிப் போகிறார். திருமண வயதை எட்டிய இளைஞரோ, பெண் பார்க்கும் பேச்சை எடுத்தாலே ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறார். வீட்டாருக்குக் காரணம் புரிவதில்லை. மணமானவருக்குத் தாம்பத்தியத்தில் வலியும், தோல் கீறி இரத்தம் கசிவதும் நேர்கின்றன. இவ்வளவையும் அவர் எவரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார். மருத்துவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் சில வாரங்களில் தீர்ந்திருக்கக்கூடிய துன்பம் இது.

சிறுநீரிலிருந்து தன்னைக் காத்துக் கொள்ளாத ஒருவர் கப்ரில் வேதனைக்குள்ளானதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த ஹதீஸை நாம் அறிவோம். அந்த ஹதீஸ் நம்மை எச்சரிக்கவே வந்தது. நம்மை ஓயாத மனக் குழப்பத்தில் ஆழ்த்துவதற்கன்று. சிறுநீர் கழித்தபின் சற்றுப் பொறுத்து, தங்கிய துளிகளை மெல்ல வெளியேற்றித் துடைத்துக் கழுவுவதோடு, அத்துளிகள் தேங்கக் காரணமான நோயையும் தீர்த்துக் கொள்வதே முறையான பேணுதலாகும்.

சட்ட நூல்களும் இந்த இறுக்கத்தைக் கவனியாமல் விடவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில், கத்னா செய்யப்பெறாதவர் கடமையான குளிப்பின்போது முன்தோலின் உட்புறத்தையும் கழுவியாக வேண்டும். உள்நாட்டு ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஹனபி மத்ஹபில், தோலைச் சிரமமின்றி விலக்க முடிந்தால் உட்புறத்தைக் கழுவுவது அவசியம். விலக்குவதில் சிரமம் இருந்தால் அக்கட்டாயம் இல்லை. ஒரு மத்ஹபு தூய்மையின் முழுமையை வற்புறுத்துகிறது. மற்றொன்று இயலாதவனின் சிரமத்தைக் கருதுகிறது. தோல் விலகாத துன்பத்தை நம் இமாம்கள் எவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்துள்ளனர் என்பது இதனால் புலனாகும். இவ்விறுக்கம் உடையோர் தம் மத்ஹபின் ஆலிமிடம் தனித்துச் சென்று தெளிவு பெறுவாராக.

நடுவயதினருக்கு ஓர் எச்சரிக்கை. இத்தனை காலம் எளிதாக விலகிய தோல் திடீரென்று இறுகத் தொடங்கினாலோ, அதன் ஓரங்கள் வெடித்து அரித்தாலோ, முதலில் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்க்க வேண்டும். நீரிழிவு நோய் தன்னை முதன்முதலாக வெளிக்காட்டுவது சிலருக்கு இவ்விடத்தில்தான். சிறுநீரில் சர்க்கரை மிகும்போது காளான் கிருமிகள் அங்கே எளிதில் பெருகுகின்றன. டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்ற இக்கால நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவனவாதலால், அவற்றை உட்கொள்வோருக்கும் இத்தொல்லை வரக்கூடும். அத்தகையோர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீண்டகால இறுக்கமும் அழுக்குத் தேக்கமும் ஆணுறுப்பில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பை மிகுவிக்கின்றன என்பதும் மருத்துவம் கண்ட உண்மையே. ஆறாத புண்ணோ கட்டியோ தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருந்தும் சிகிச்சையும்

இறைவன் மருந்தில்லாத நோயை இறக்கவில்லை. ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. இந்நோய்க்கும் மருந்து உண்டு. பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை இறுகிய வளையத்தின்மீது மெல்லியதாகத் தடவி, வலி தோன்றாத அளவுக்குத் தோலை மெதுவாக நெகிழ்த்தி வந்தால், நான்கு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலோருக்குக் குணம் கிடைக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதித் தந்த பின்னரே இதனைப் பயன்படுத்த வேண்டும். கடையில் கேட்டு வாங்கித் தடவினால், உள்ளே இருக்கும் கிருமி நோய் முற்றிப் போகலாம். களிம்புக்கு இணங்காத இறுக்கத்துக்கும், தழும்பாகி வெளுத்துத் தடித்த தோலுக்கும் அறுவை சிகிச்சையே வழி. அதில் முதன்மையானது நாம் நன்கறிந்த கத்னாவேதான். நோய் தீர்ந்து தோல் விலகத் தொடங்கியவர் நாள்தோறும் உட்புறத்தைத் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி, தோலை மறவாமல் முன்னுக்குக் கொண்டுவந்து விட வேண்டும்.

கத்னாவும் அவசரமும்

நகம் களைதல், மீசை கத்தரித்தல் முதலியவற்றோடு கத்னாவையும் மனித இயல்போடு ஒட்டிய ஐந்து செயல்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். அது இப்ராஹீம் (அலை) அவர்களின் வழிமுறை. அன்னவர்கள் எண்பது வயதில் அதனை நிறைவேற்றினார்கள். ஷாபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் ஆணுக்குக் கத்னா கடமை. ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஆயினும் அதனை எந்த நாளில் செய்வது என்பதில் மார்க்கம் உடல்நிலைக்கு இடமளித்துள்ளது. ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில், ஏழாம் நாளில் செய்வது விரும்பத்தக்கது என்று சொன்ன கையோடு, குழந்தை தாங்கமாட்டாத பலவீனத்தோடு இருந்தால் பிற்படுத்த வேண்டும் என்றும் எழுதியுள்ளார்கள்.

ஆகவே கத்னாவுக்கு முன் குழந்தையை மருத்துவரிடம் காட்டுவது பேணுதலில் குறைவன்று, அதுவே பேணுதல். இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பார்த்துக் கொள்ள வேண்டும். முதலாவது, சிறுகாயத்திலும் இரத்தம் நில்லாமல் ஓடும் நோய் குடும்பத்தில், குறிப்பாகத் தாயின் உடன்பிறந்த ஆண்களில், எவருக்கேனும் உண்டா என்பது. இரண்டாவது, சிறுநீர்த் துவாரம் நுனியில்தான் உள்ளதா என்பது. சில குழந்தைகளுக்கு அத்துவாரம் அடிப்புறமாக அமைந்திருக்கும். முன்தோலும் மேற்புறம் மட்டும் முக்காடுபோல் இருக்கும். பார்ப்போர் பிறவியிலேயே பாதிக் கத்னா ஆகியுள்ளது என்று மகிழ்வதுண்டு. நிலவொளியில் பிறந்த குழந்தையின் தோல் சுருங்கிவிடும் என்று அக்கால அரபியர் நம்பியதை இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும் குறிப்பிட்டுள்ளார்கள். உண்மையில் இது ஹைப்போஸ்பேடியாஸ் என்னும் பிறவிக் குறை. இக்குறையைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையில் புதிய சிறுநீர்ப் பாதை அமைக்க அந்த முன்தோலையே மருத்துவர் பயன்படுத்துகின்றனர். அறியாமல் அதனை வெட்டி எறிந்துவிட்டால், பிள்ளைக்கு இறைவன் தந்த மாற்றுத் துணியை நாமே கிழித்தவர்களாவோம். விருந்துக்கு நாள் குறித்தாயிற்று, உறவினர் வந்தாயிற்று என்பது ஒரு காரணமாகாது. விருந்தை ஒத்திப்போடலாம், பிள்ளையின் உடலைத் திரும்பப் பெற இயலாது.

இவ்வாறு எச்சரிக்கை கொள்வது புதுமையுமன்று. ஸ்பெயினின் குர்துபா நகரத்தில் வாழ்ந்து 1013-ல் மறைந்த மருத்துவ மேதை அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் அத்தஸ்ரீப் நூலின் அறுவை சிகிச்சைப் பகுதியில் சிறுவர்களின் கத்னாவுக்கெனத் தனிப் பாடமே எழுதினார். தோல் இரண்டு அடுக்காக இருப்பதால் மேலடுக்கு மட்டும் அறுபட்டுக் கீழடுக்கு எஞ்சிவிடக்கூடும் என்று எச்சரித்து, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் சமமாக வெட்டும் முறையே சிறந்தது என்றார். சிறுவன் அஞ்சாதபடி கத்தரிக்கோலை அவன் பார்வையிலிருந்து மறைத்து வைக்கவும் சொன்னார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் அவ்வளவு கருணையோடு நடந்திருக்க, தோலை மரத்துப்போகச் செய்யும் ஊசியும், கிருமி நீக்கிய கருவிகளும் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், அறியாதவர் கையில் பிள்ளையைக் கொடுத்துக் காயத்தில் சாம்பல் தூவுவது எந்த வகையிலும் பொருந்தாது.

புதிதாக வந்தோர்

இறுதியாக, இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவிய சகோதரரைப் பற்றி ஒரு சொல். கலிமா மொழிந்த கணமே அவர் முஸ்லிம். கத்னா அதற்கு நிபந்தனையன்று. கத்னா ஆகும்வரை தொழாதே என்று அவரிடம் சொல்லுவோர் மார்க்கம் அறியாதோர். ஹிஜ்ரி 620-ல் மறைந்த இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தம் அல்முக்னீ நூலில், முதிர்ந்த வயதில் இஸ்லாத்தில் இணைந்தவர் கத்னாவால் தம் உயிருக்கு ஆபத்து நேருமென அஞ்சினால் அக்கடமை அவரை விட்டு நீங்கும் என்று எழுதியுள்ளார்கள். நீரிழிவோ, இதய நோயோ, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையோ உடையவர் முதலில் மருத்துவரிடம் தக்க முன்னேற்பாடு செய்துகொண்டு, ஆபத்தில்லை என்றானபின் நிறைவேற்றுவது நன்று.

காயம்பட்டிருந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, உடன் இருந்தோர் சலுகை இல்லையென்று சொல்ல, அவர் குளித்து அதனாலேயே இறந்துபோனார். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக வருந்தி, அறியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள்; கேட்பதே அறியாமைக்கு மருந்து என்றும் உணர்த்தினார்கள். அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சி ஆலிமுக்கும் பெற்றோருக்கும் நோயாளிக்கும் ஒருங்கே படிப்பினையாகும்.

எனவே தந்தையரே! உங்கள் மகன் பருவம் அடையும்போது, தொழுகையைக் கற்றுத் தந்ததுபோல் இத்தூய்மையையும் கற்றுத் தாருங்கள். தோலில் வலியோ இறுக்கமோ இருந்தால் உங்களிடம் அஞ்சாமல் சொல்லலாம் என்ற நம்பிக்கையை அவனுக்கு ஊட்டுங்கள். இளைஞர்களே! அலீ (ரலி) அவர்களுக்கு ஒரு மிக்தாத் (ரலி) இருந்ததுபோல் உங்களுக்கும் ஒரு நண்பரோ, அண்ணனோ, பள்ளிவாசல் இமாமோ இருப்பார். அவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள்.

உடலின் தூய்மையையும் உள்ளத்தின் தூய்மையையும் ஒருங்கே பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.